கல் இல்லாத ஊரில் ராக் ஸ்லைடர்

1

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறான். பல் துலக்குகிறான். முந்தின நாள் பாலை அடுப்பில் வைக்கிறான். அது காய்வதற்குள் கொல்லைக்குப் போய் வைக்கோல் போரின் அடியில் மூங்கில் கழியால் நான்கு தட்டு தட்டுகிறான். கொஞ்சம் நின்று பார்க்கிறான். பிறகு இரண்டு கை வைக்கோல் பிடுங்கி மாட்டுக்குப் போடுகிறான். திரும்பி வரும்போது பால் பொங்கி வழிந்திருக்கும். அடுப்பைத் துடைக்கிறான். காபி குடிக்கிறான். பிக்கப் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்க்கிறான். இடது பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் இரும்புக் குழாயை டீசல் நனைத்த துணியால் துடைக்கிறான். வலது பக்கத்துக் குழாயைத் துடைப்பதில்லை. அது அவன் ஏறும் பக்கம்.

பெயர் மதிவாணன். வயது முப்பத்தொன்று. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். வெட்டாற்றுப் பாசனத்தில் பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம், சொந்த நிலம்; அதைப்போல இரண்டு மடங்கு, ஒரு வேலி, குத்தகை. மனைவி வானதி இறந்து, வரும் ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கும்பகோணத்தில் முபாரக் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பார். மூன்று நாளைக்கு முன் அவர் மதிவாணனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார்.

"படத்துக்குக் கீழ நாலு வரி எழுதிக் குடுங்க சார். எங்கிட்ட ரெடிமேடா நெறைய கெடக்கு. உங்க மாமியார்தான் அதெல்லாம் வேணாம்னுட்டாங்க. பொண்ணு கடைசியா சொன்ன வார்த்தையத்தான் போடணுமாம். வெள்ளிக்கிழமை காலைல மேட்டர் வந்துரணும்."

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. ஐம்பது போஸ்டர். இன்று வியாழன். நான்கு வரி எழுத உட்கார்ந்தவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஆமாம், எழுதுகிறவனும் அவன்தான். முதலில் 'நான்' என்று எழுதிப் பார்த்தான். பொய் சரளமாக வந்தது. 'அவன்' என்று மாற்றியதும் பொய்க்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

2

மூன்று தொடக்கங்கள் வீணாயின. அடித்த வரிகளை அப்படியே விட்டிருக்கிறான்.

வானதி வெயிலில் நின்று சிரித்தாள். அவள் சிரிக்கும்போது

(இல்லை. வெயிலில் நின்றால் அவளுக்குத் தலைவலி வரும். நிற்கவே மாட்டாள்.)

காவிரிப் படுகையில் ஆண்டுதோறும் பாம்புக்கடியால்

(இப்படி எழுதினால் குற்றம் பாம்பின் மேல் போய்விடும்.)

வண்டி ரிப்பேராகிக் கிடந்த அந்தக் காலையில்

(இங்கேதான் பேனா நின்றது. ஊரே நம்புகிற வரி இது. வண்டி ரிப்பேராகிக் கிடக்கவில்லை. நன்றாக இருந்த வண்டியை அவன்தான் கழற்றிப் போட்டிருந்தான்.)

ஆகவே ராக் ஸ்லைடரிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் வைத்துக்கொள்வது அது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கதவுகளுக்குக் கீழே, இரண்டு பக்கமும் தடித்த குழாயை சேஸிஸோடு சேர்த்துப் பற்றவைப்பார்கள். பாறை இடித்தால் குழாய் தாங்கிக்கொள்ளும். கதவும் அடித்தகடும் நசுங்காது. வண்டி பாறைமேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மதிவாணனின் ஊரில் பாறை இல்லை. பாறை என்ன, கல்லே இல்லை. தோண்டத் தோண்ட வண்டல். ரயில் பாதையில் கொட்டிய ஜல்லி வெளியூர் ஜல்லி. அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூரிலிருந்து வந்தவை. மாங்காய் அடிக்கக்கூட இந்த ஊரில் ஓட்டாஞ்சில்லைத்தான் தேட வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து ஆறு மாதம் அவன் யூடியூபில் ராக் ஸ்லைடர் பார்த்தான். எங்கெங்கோ யார் யாரோ வீட்டுக் கொட்டகையில் குழாயை வெட்டி, தேய்த்து, பற்றவைத்து, கடைசியில் வண்டியின் முழுப் பாரத்தையும் அந்தக் குழாயில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் காட்டினார்கள். அந்தக் கடைசி நிமிடத்தை அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான். நான்கு வருடப் படிப்பு, சென்னையில் கம்ப்யூட்டரில் படம் வரைந்த இரண்டு வருட வேலை. அப்பா போனபின் நிலத்தைப் பார்க்க வந்துவிட்டான். இதுவரை ஒரு போல்ட்டைக்கூட அவன் தன் கையால் செய்ததில்லை. ஏதாவது ஒன்றைச் செய்து, அதன்மேல் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணமாக எழுத இரண்டு நாள் முயன்றான். கிடைக்கவில்லை.

நீர் வற்றிப்போன ஃபில்டர் பாயிண்ட் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து பிடுங்கிய, துத்தநாகம் பூசிய பழைய ஜிஐ குழாய் கொல்லையில் கிடந்தது. வெல்டிங் மிஷின் வாங்கினான். குறுவை அறுப்புக்கு இரண்டு வாரம் இருந்தது. அறுப்பு தொடங்கிவிட்டால் வண்டி நெல் மூட்டையோடு ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

மூன்றாம் நாள் மாலை, டீக்கடையில், லோடு ஆட்டோ ஓட்டும் சிங்காரவேலு கேட்டார்.

"என்ன மதி, ஒங் கொல்லைல மூணு நாளா பொறி பறக்குது?"

சொன்னான். கைப்பேசியில் படமும் காட்டினான்.

"பாறை இடிச்சா தாங்குமா?"

"தாங்கும்ணே."

"சரி. பாறைக்கு எங்கடா போவ? ஒன் மாமியார் ஊரு தாராசுரம்தான? கோயில்ல கேட்டுப் பாரு. மருமவன்னு ஒண்ணு ரெண்டு கல்லக் கழட்டிக் குடுப்பாங்க."

கடையே சிரித்தது. டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மதிவாணனுக்குக் காது சுட்டது. பேசாமல் வந்திருக்கலாம்.

"உங்க தகர டப்பா மாதிரி இல்லண்ணே இது" என்றான்.

"அந்தத் தகர டப்பாவுல நீயும் ஒருநா ஏறுவடா."

"அந்த நெலம வந்தா பாத்துக்கலாம்."

சாதாரணப் பேச்சு. டீக்கடையில் தினமும் நடப்பது. அதற்கு மறுநாள் காலை வராமல் இருந்திருந்தால் இதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

3

வானதியை எழுதுவதில் ஒரு சிக்கல். செத்துப்போனவர்களை எழுதும்போது கை தானாக அவர்களை நல்லவர்களாக்குகிறது. அதனால் முதலில் குறைகள். தண்ணீர்க் குழாயைச் சரியாக மூட மாட்டாள். போன் சார்ஜரைப் பிடுங்கி எங்காவது வைத்துவிட்டு, அதை அவன்தான் எடுத்தான் என்று சாதிப்பாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். தப்பாகப் போட்ட பிள்ளையை எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வாள். ஊறவைத்த அரிசியை அள்ளித் தின்பாள்.

இனி அவள் பேசலாம்.

"எதுக்கு இது?" என்றாள், தரையில் கிடந்த குழாயைக் காலால் உருட்டி.

"மதகுல உரசுனா கதவு நசுங்காது."

"மதகா நகந்து வந்து உரசுது? நீங்க ஒழுங்கா ஓட்டுனா அது பாட்டுக்கு நிக்கும்."

அவன் அளவெடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அப்ப ஒண்ணு பண்ணுங்க. அதையே கொஞ்சம் தாழ வச்சு படியா போட்டுருங்க. சேலையோட ஏற முடியல. போன வாரம் சொசைட்டி வாசல்ல அத்தன பேரும் பாக்கறாங்க, நான் கதவப் புடிச்சுத் தொங்கறேன்."

"படி வேற, ஸ்லைடர் வேற வானதி. இது இருவது டிகிரி மேல தூக்கி நிக்கணும். தாழ வச்சா தரைல இடிக்கும்."

"எந்தத் தரைல?"

மூன்று பக்கமும் வயல். எந்தத் தரையும் எழுந்து வந்து இடிக்கிற தரை இல்லை.

"பி.இ. சொன்னா சரிதான்" என்றுவிட்டு உள்ளே போனாள்.

ஜிஐ குழாயைப் பற்றவைக்கும்போது வருகிற வெள்ளைப் புகை ஆகாது, பால் குடிக்க வேண்டும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். அன்று மாலையே ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து வைத்தாள். படி வைக்க மாட்டேன் என்றவனுக்கு. டம்ளரின் மேல் புகைத்தூசி விழாமல் தன் டியூஷன் நோட்டு ஒன்றை மூடி வைத்திருந்தாள்.

(வானதி இவ்வளவு நல்லவளா என்று எழுதுகிறவனே சந்தேகப்பட்டு இந்த வரியை இரண்டு முறை அடித்தான். நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. அட்டையில் டம்ளரின் வட்டம் இருக்கிறது. அதனால் வரியும் இருக்கட்டும்.)

4

டீக்கடைக்கு மறுநாள் காலை.

முதல் மூன்று வரைவுகளிலும் வீட்டில் பைக் இல்லை. நான்காவது வரைவில் பைக் இருந்தது, பஞ்சராகியிருந்தது. உண்மையில் பைக் முன்வாசலில் நின்றது. இரண்டு டயரிலும் காற்று இருந்தது. பெட்ரோல் இருந்தது. இதை இப்போதே சொல்லாவிட்டால் பிறகு சொல்ல மாட்டான்.

வைக்கோல் பிடுங்குவது எப்போதும் அவன் வேலை. அன்று விடிந்ததுமே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். வண்டி வீட்டுக்குப் பின்னால், தென்னங்கட்டைகள் மேல் நின்றது. இடது பக்கத்து இரண்டு சக்கரமும் கழற்றியாயிற்று. தீப்பொறிக்குப் பயந்து டீசலை வடித்து, டேங்க்கை அவிழ்த்துக் கீழே இறக்கியாயிற்று. பேட்டரி தனியே மரத்தடியில். இடது பக்கக் குழாயை வண்டியோடு பிணைக்க நான்கு இரும்புக் கால். அதில் ஒன்றை மட்டும் பற்றவைத்திருந்தான்.

ஆறு நாற்பது. அவன் வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தது அவள் பாதங்களை.

"ஏங்க, கொஞ்சம் வெளில வாங்க. பாம்பு கடிச்சிருச்சு."

போன் சார்ஜரைக் காணோம் என்கிற குரலில் சொன்னாள். வைக்கோல் போரில் கை விட்டிருக்கிறாள். நல்ல பாம்பு. பார்த்தாளாம். வலது மணிக்கட்டில் இரண்டு புள்ளி.

நூற்றெட்டுக்கு அழைத்தான். வேறு ஒரு கேஸில் வண்டி இருக்கிறது, முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். அதற்குள் நாங்களே வந்துவிடுவோம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

"பைக்ல போயிரலாமா?" என்றாள்.

"ஆடக் கூடாது. ஆடுனா வெஷம் ஏறும். நீ அசையாம ஒக்காரு. பத்து நிமிஷத்துல வண்டிய மாட்டிருவேன்."

கடிபட்டவர் அசையக் கூடாது என்று எங்கோ படித்திருந்தான். படித்தவன். அவளை மரத்தடியில் பேட்டரிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, சக்கரத்தைத் தூக்கினான்.

"சிங்காரவேலண்ணனக் கூப்புடுங்களேன்."

"இந்தா ஆச்சு."

(இந்த இடத்தில் அவன் மனதில் என்ன ஓடியது என்று கதை சொல்ல வேண்டும். பதற்றம், பாசம், பயம் என்று மூன்று பத்தி எழுதினான். மூன்றையும் எடுத்துவிட்டான். ஓடியது டீக்கடை. தகர டப்பாவுல நீயும் ஒருநா ஏறுவடா. நேற்று மாலை சொன்னது. இன்று காலை ஆறே முக்காலுக்கு அந்த எண்ணை அழுத்த அவன் கைக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் ஓடியது.)

பின் சக்கரம் மாட்டினான். முன் சக்கரத்தில் இரண்டு நட்டு ஏறியது. டேங்க்கின் பட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கிப் பிடித்து போல்ட்டைத் தேடினான். கை வழுக்கியது. மறுபடி தூக்கினான். மறுபடி வழுக்கியது. இப்படி இருபத்தைந்து நிமிடம்.

அவனுக்குப் பின்னால் வானதி போனில் பேசும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நான் வானதி. கொஞ்சம் வீட்டு வாசலுக்கு ஆட்டோவக் கொண்டாறீங்களா? ஆமாண்ணே. ஒடனேண்ணே."

இடது கையால் அழுத்தியிருக்கிறாள். அவன் டேங்க்கைக் கீழே விட்டான்.

தஞ்சாவூரில், ஆஸ்பத்திரியில், பெயர் தெரியாத ஒரு டாக்டர் "ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா" என்றார். எல்லாரிடமும் சொல்வதுதானோ என்று மதிவாணன் பல மாதம் யோசித்தான். இருக்கலாம். ஆனால் அரை மணி என்று கணக்காகச் சொன்னார்.

5

ஆஸ்பத்திரி வாசலில் பிரகதாம்பாள் அவன் சட்டையைப் பிடித்தாள். வானதியின் அம்மா. கணவன் இல்லாமல், சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக வேலை பார்த்து ஒரே பெண்ணைப் படிக்கவைத்தவள்.

"கடைசியா என்ன மாப்ள சொன்னா? எதாச்சும் சொன்னாளா?"

"அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொன்னா அத்தை."

யோசிக்காமல் வந்தது. தும்மல் மாதிரி வந்தது. அவள் அவன் சட்டையை விட்டாள். அந்த வாசலிலேயே உட்கார்ந்து, அந்த வார்த்தையை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவன் அந்தப் பொய்க்கு உண்மையாக இருக்கிறான். மாதம் ஒருமுறை தாராசுரம் போய் அவளை ஏற்றிக்கொண்டு முழங்கால் டாக்டரிடம் காட்டி, திரும்ப விடுகிறான். இப்படி ஒரு மருமகன் யாருக்கு வாய்ப்பான் என்று அவள் தெருவில் பேச்சு.

வண்டியைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கட்டைமேல் நிற்கும் வண்டியைப் பார்த்தார்கள். "பாவம், அன்னைக்குன்னு பாத்து ரிப்பேராயிருச்சே" என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். சிங்காரவேலு மட்டும் குனிந்து, ஒற்றைக் காலில் தொங்கிய குழாயைப் பார்த்தார். நிமிர்ந்து மதிவாணனைப் பார்த்தார். பக்கத்தில் ஒருவர் என்ன ரிப்பேர் என்று கேட்க, "என்னமோ ரிப்பேரு, விடுங்க" என்றார்.

அதுவரை அவனை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். அன்றிலிருந்து "வாங்க தம்பி" என்கிறார். டீக்கடையில் அவனைக் கண்டால் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறார். ஒரு கிண்டல் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மதிவாணன் வண்டிக்கு அடியில் போனான். அறுப்பு தொடங்கிவிட்டது, வண்டி வேண்டும். குழாயை அறுத்து எறிந்துவிட்டு ஓட்டியிருக்கலாம். அவன் மீதி வேலையை முடித்தான். பற்றவைத்திருந்த ஒரு காலையும் கிரைண்டரால் அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் நான்கு அங்குலம் இறக்கி, இருபது டிகிரி இல்லாமல் மட்டமாக வைத்தான். ஏன் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவனுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதிய பத்தியைக் கிழித்துவிட்டான்.

அடுத்த முறை பிரகதாம்பாள் அதில் கால் வைத்து ஏறினாள். ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல், குனிந்து அதைப் பார்த்தாள்.

"இது நல்லாருக்கு மாப்ள. ஏற அவ்ளோ வாகா இருக்கு. போன்ல சொல்லிக்கிட்டே இருப்பா, படி வைக்கச் சொல்லிருக்கேம்மா, படி வைக்கச் சொல்லிருக்கேம்மான்னு. அவளுக்குன்னுதான செஞ்சீங்க?"

தலையாட்டினான்.

"அவளுக்குக் குடுத்து வைக்கல" என்றாள்.

அதன் பிறகு அவள் செருப்போடு அதில் கால் வைப்பதில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறுகிறாள். அதனால்தான் அவன் தினமும் காலையில் இடது பக்கத்தை மட்டும் துடைக்கிறான்.

6

இந்தக் கதைக்கு மூன்று முடிவு கைவசம் இருந்தது.

ஒன்று. மதிவாணன் இன்று தாராசுரத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறான். பைக், டேங்க், டீக்கடை. பிரகதாம்பாள் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்ட்டீங்களா மாப்ள" என்கிறாள். (எழுதும்போது அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. அப்போதே தெரிந்தது, இது வேண்டாம் என்று. அவள் மன்னிப்பாள் என்று முடிவு செய்ய இவன் யார்?)

இரண்டு. கிரைண்டரை எடுத்துக் குழாயை அறுத்து வெட்டாற்றில் போடுகிறான். (அடுத்த வாரம் முழங்கால் டாக்டர். அவள் எதில் கால் வைத்து ஏறுவாள்? தவிரவும், ஆற்றில் எதையாவது போட்டு முடிக்கிற கதைகளை அவன் நம்புவதில்லை.)

மூன்று. 'அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று முபாரக்கிடம் எழுதிக் கொடுக்கிறான். ஐம்பது போஸ்டர். ஒன்று லோடு ஆட்டோ நிறுத்தத்துக்கு எதிர்ச்சுவரில் ஒட்டப்படும். சிங்காரவேலு அதன் எதிரிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அன்று அந்த ஆட்டோவில் மூன்று பேர்தான் இருந்தார்கள். வானதி கடைசியாகப் பேசியதைக் கேட்டவர்கள் இரண்டு பேர்.

மூன்றாவதை எழுதிவிட்டு இன்று மத்தியானம் அவரைப் பார்க்கப் போனான். ஆட்டோவுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர் காலை மடக்கிக்கொண்டார்.

"வாங்க தம்பி."

"போஸ்டர் அடிக்கிறோம்ணே. வருஷத்துக்கு."

"அடிங்க."

"அவ கடைசியா சொன்னதப் போடணும்ங்கறாங்க அத்தை."

சிங்காரவேலு ஸ்டியரிங்கில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"அது எதுக்கு தம்பி செவுத்துல" என்றார். பிறகு, "நீங்க எதப் போட்டாலும் சரிதான். எனக்கு அன்னைக்கு வண்டிச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல."

"அண்ணே, என்ன ஒரு வார்த்த திட்டிருங்க."

"போங்க தம்பி. வெயில் ஏறுது."

7

முபாரக் இரண்டு முறை போன் செய்துவிட்டார். படம், தோற்றம், மறைவு எல்லாம் வைத்துப் பக்கம் தயார். படத்துக்குக் கீழே நான்கு விரல் இடம் வெள்ளையாகக் கிடக்கிறதாம். "என்ன சார், வெறுமனே விட்டா பாக்க ஒரு மாதிரி இருக்குமே" என்றார். காலையில் தருகிறேன் என்றான்.

எது தருவான் என்று எழுதுகிறவனைக் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் சுவரைப் பாருங்கள். அல்லது அந்த நான்கு விரல் இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற தாய் ஒருத்தி இருக்கிறாள் என்பதையும், இன்னொரு பக்கம் பின்வருவது நடந்தது என்பதையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

ஏழு இருபதுக்கு ஆட்டோ முன்வாசலுக்கு வந்தது. அங்கே நின்ற சிங்காரவேலுவின் கண்ணுக்குக் கொல்லைப்பக்கம் தெரியாது. மதிவாணன் பைக்கைத் தாண்டித்தான் அவளைத் தாங்கிக்கொண்டு போனான். முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வானதி நடுவில். அவன் கையில் கிரீஸ். அவள் தோளைப் பிடித்திருந்ததில் ரவிக்கையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. அவளுக்கு இமை இறங்கத் தொடங்கியிருந்தது, தூக்கம் வருகிற பிள்ளைக்கு இறங்குகிற மாதிரி. நாக்கு தடித்திருந்தது. வாய்க்கால் பாலம் தாண்டும்போது சிங்காரவேலு பாதையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம்மா, ஒங்க வண்டி என்னாச்சு?"

மதிவாணன் வாயைத் திறந்தான். வானதி அவன் பக்கம் தலையைத் திருப்பினாள். இமையை மேலே தூக்க முயன்று, பாதிவரை தூக்கி, அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சிங்காரவேலு பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அதற்குப் பிறகு தஞ்சாவூர் வரைக்கும் அவள் பேசவில்லை.

"வண்டி ரிப்பேருண்ணே. அவரும் விடிஞ்சதுலேந்து அதோடதான் மல்லுக்கட்டறாரு."